ரியாக்டிவ்

முதலில் விரல்கள்தான்.
மார்கழி விடியலில் தண்ணீர் டிரம்முக்குள் கை விட்டால்
நுனி வெளுக்கும், நீலம் பாயும்,
அடுப்படிக்கு வந்தபின் கன்றிச் சிவக்கும்.
அம்மிணிக்கு ரத்தமில்லீங்க என்றார்கள்.
ஒரு மரத்து முருங்கைக்கீரையைத் தின்று தீர்த்தேன்.

மூச்சிழுத்தால் விலாவில் குத்தும்.
வாய்வு. ஓமத்தண்ணி.
மணிக்கட்டு வீங்கி
இட்லிச் சட்டி மூடி தூக்க முடியாத காலைகள்.
சிக்குன்குனியா மிச்சம் என்றார் சங்ககிரி டாக்டர்.
மேலண்ணத்தில் ஒரு புண் இருந்தது,
வலிக்கவில்லை,
அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

நாள் தள்ளி மூன்றாம் மாதம்
திருச்செங்கோட்டில் ரத்தம் எடுத்தார்கள்.
வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ்.
நர்ஸ் குரலைத் தாழ்த்தி
"வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்றாள்.
போர்வெல் லாரி என்றேன்.
"ஓ" என்றாள்.
அந்த ஓ-வுக்குள் ராய்ப்பூர் இருந்தது,
ஏழு மாதமும் ரோட்டோர தாபாக்களும்
எனக்கு முகம் தெரியாத பெண்களும் இருந்தார்கள்.

வந்தீர்கள், காதுமடல்வரை கல்தூசியோடு.
உங்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை.
அப்புறம் அந்த ஓ
என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

நீங்கள் கேட்கவேயில்லை.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.
ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே கல்லாகும்வரை.
குழந்தை தங்கவில்லை.
வேறொரு டெஸ்ட் எடுத்துவிட்டு
அந்த வியாதி இல்லை, மெஷின் தப்பாயிருக்கும் என்றார்கள்.
அந்தத் தாளை நீங்கள் வாசிக்கவில்லை.
லாரி கிளம்பியிருந்தது.

நாலு வருஷம்.
மஞ்சள் வெட்டின வெயிலில் இரண்டு கன்னமும் சிவந்தபோது
"நெறமாயிட்டியே" என்றாள் நங்கையா.
முடி சீப்போடு வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கோயமுத்தூர் டாக்டரம்மா
ஏசிக்குக் கீழே என் விரல்கள் வெளுப்பதைப் பார்த்து
பேனாவை வைத்தார்.
பழைய ரிப்போர்ட் இருக்குதா?
கூறைப்புடவை மடிப்பில் ஒளித்திருந்ததை
மறுவாரம் கொண்டுபோனேன்.
"இது அப்பவே சொல்லியிருக்கு," என்றார்.
"லூபஸ் இருந்தா இந்த டெஸ்ட் சிலசமயம்
பொய்யா வரும். கரு தங்காததும்கூட..."
முடிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டேன்.
அங்கே ரிக் ஓடிக்கொண்டிருந்தது.
எழுநூறு அடி, இன்னும் புழுதிதான் என்று கத்தினீர்கள்.
அந்தப் பெயரைச் சொன்னேன்.
என்ன? என்ன?
மறுபடி சொன்னேன்.
சத்தம் நின்றது.
"நிறுத்தச் சொல்லிட்டேன் வசந்தாமணி. சொல்லு."

எங்கிருந்து தொடங்குவது,
விரலிலிருந்தா
அந்த ஓ-விலிருந்தா?