மாற்று

லியபாயாவில் காற்று கடலிலிருந்து கிளம்பி
நேராக எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலுக்குத்தான் வருகிறது.
ஏழு வயது மதாராவுக்குக் கதை வாசிக்கிறேன்.
பகலெல்லாம் டிராம் ஓட்டிய கையில் அதிர்வு மிச்சமிருக்கிறது,
தாள் லேசாக நடுங்குகிறது.
கதையில் பயம் வரப்போகிறதென்று அவள் போர்வையை இழுத்துக்கொள்கிறாள்.

இவள் வயதில் நானும் கேட்ட கதைதான்.
அப்போது நான் காட்டில் இருந்தேன், அந்தச் சிறுமியோடு,
பனியில் கால் புதைய.
இப்போது என்னை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள்.
அடுப்பு என்னுடையது. தாழ்ப்பாள் என்னுடையது.
ரொட்டித் துண்டுகளை எண்ணுகிறவள் நான்.

அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.
ஆட்டுக்குட்டிக்கு இருக்கிறது.
எனக்கு இருக்கிறது, டைகா.
அந்த அப்பா இரண்டாம் வரியில் கல்யாணம் செய்துகொள்கிறார்,
மூன்றாம் வரியில் சந்தைக்குப் போகிறார்,
கடைசிப் பக்கத்தில் வந்து அழுகிறார்.
நடுவில் இத்தனை குளிர்காலம் எங்கே இருந்தீர் என்று
ஒரு வார்த்தை கேட்பாரில்லை.
(உகிஸுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.
அவரைச் சொல்லவில்லை.
கொஞ்சம் சொல்கிறேன்.)

வானொலியில் ஏதோ ஒரு ஊர் மேயர்:
தலைநகரம் எங்களை மாற்றாந்தாய் மனதோடு நடத்துகிறது.
சாலை போட வராத பணத்துக்கும் நான்தான் காரணம்.
மாற்றுத் துணி, மாற்றுப் பாதை,
எதிர்வீட்டு ஸார்மீதேயிடம் கொடுத்துவைத்த மாற்றுச் சாவி.
எல்லாம் நல்ல சொற்கள்.
தாயோடு சேரும்போது மட்டும் பல் முளைத்துவிடுகிறது.

போன டிசம்பரில் சாம்பல் பட்டாணியைத் தட்டில் கொட்டி
"கல் பொறுக்கு" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.
அவள் பேசாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.
"இந்தக் குளிர்ல எதுக்குடி?"
"பறவைங்க உதவிக்கு வருமே."
எதிர்க்கூரையில் ஒரு கடற்காகம்
எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு
வேறு வேலையாகப் போயிற்று.
இருவருமாகப் பொறுக்கினோம். மூன்று கல்.
கிறிஸ்துமஸ் இரவில் தட்டில் மிஞ்சும் ஒவ்வொரு பட்டாணியும்
வரும் வருடத்துக் கண்ணீர் என்பார்கள் இங்கே.
தன் தட்டை வழித்துத் தின்றாள்.
என் தட்டையும் எட்டிப் பார்த்தாள்.

ஆனால் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
நான் நிஜமாகவே அவளாக இருந்தேன்.
ஒரு கையுறையைக் காணோம்.
டப்ளினிலிருந்து அவள் அம்மா அனுப்பிய சிவப்பு ஜோடி.
எனக்கு அன்று ஷிஃப்டில் தகராறு,
அதெல்லாம் காரணமாகாது.
"தேடி எடுக்காம படியேறாதே."
ஒன்பது நிமிடம்.
மேலிருந்து அவள் தொப்பி மட்டும் தெரிந்தது,
முற்றத்துப் பனியில், குனிந்து குனிந்து.
கையுறை என் கோட்டுப் பையில் இருந்தது.

சொல்லிவிட்டேன் அவளிடம், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.
அன்று இரவு அலமாரியின் பதினாறு புத்தகங்களில்
இதைத்தான் உருவினாள்.

மாற்றாந்தாய் என்று வந்த இடத்திலெல்லாம்
'ஒரு அம்மாள்' என்று வாசித்தேன்.
அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமென்பது
மறந்துபோயிற்று.
விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள்.
"இப்படி இல்ல போட்டிருக்கு."
சரி. இருக்கிறபடியே வாசித்தேன்.
பட்டினி போட்டாள், வாசித்தேன்.
பனிக்குள் அனுப்பினாள்,
அதையும்.

முடிவு எனக்கு மனப்பாடம்.
அவளை என்ன செய்கிறார்கள், எத்தனை குதிரைகள்,
எந்தக் கதவு வழியாக.
அந்தப் பக்கம் நெருங்கும்போது மதாரா கை நீட்டி
இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாள்.
கல்யாண விருந்து. தேன் கேக். எல்லோரும் ஆடுகிறார்கள்.
"நடுவுல விட்டுப்போச்சு" என்றேன்.
"ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள்
கொட்டாவியோடு,
தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால்
அழுத்திப் பிடித்தபடி.