கொடுவாப் பாலம்

முதல் பக்கத்திலேயே தடுக்கிவிட்டது படிவம்.
பாலத்தின் வகை: வளைவா, தொங்கலா, நேர்ச்சட்டமா?
ஒன்றுக்குச் சரி போட வேண்டும்.

தம்பலகாமக் கழியின் மேல்
இரண்டு வில்லை எதிரெதிரே கவிழ்த்து
முனையோடு முனை ஆணி இறுக்கியதுபோல் கிடக்கிறது அது,
நடுவில் வயிறு பெருத்து, கரைகளில் சிறுத்து.
கொடுவா என்கிறார்கள்.
தலை எங்கள் பக்கம் என்கிறார்கள்
இரண்டு கரையிலும்.

மேல்வில் நசுங்குகிறது, கீழ்வில் இழுபடுகிறது.
ஒன்று கரையை உதைக்கப் பார்க்க
மற்றது கரையைப் பிடித்திழுக்கப் பார்க்க
முனை ஆணியிலேயே சண்டை தீர்ந்துவிடுகிறது.
கரைக்குப் போய்ச் சேருவது வெறும் பாரம்.
இந்தச் சேற்றில் வேறெதுவும் நின்றிராது.
நூறு வருடம் முன் எவனோ
கணுக்கால் புதைய இங்கே நின்று
அதைக் கண்டுகொண்டிருக்கிறான்.

காலை ஏழரைக்கு வள்ளத்தில் அடியில் போனேன்.
கீழ்ப்பட்டைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே.
ஒன்று கணீர். இரண்டும் கணீர்.
மூன்றில் துரு. நாலு பரவாயில்லை.
ஐந்தாவது
வேறு குரலில் பேசியது.

சங்கிலி.
பட்டை இருக்க வேண்டிய இடத்தில்
என் தொடை மொத்தத்தில் ஒரு கப்பலின் நங்கூரச் சங்கிலி.
பதினேழு கண்ணி.

வள்ளம் தள்ளிய நியாஸ்தீன்
நண்டுக் கூட்டைத் தூக்கிப் பார்த்தபடி சொன்னான்:
"குண்டு வெச்ச வருசம். அசனார்ர வேல.
துறைமுகத்தில இருந்து ரெண்டு தோணியக் கட்டி
ராவோட ராவாக் கொண்டந்த.
விடிய நெல்லு லொறி போச்சு.
நீங்க தட்டித் தட்டி
நண்டெல்லாம் ஓடிட்டு."

எப்படி முறுக்கி இறுக்கினார்?
தெரியாது.
படம் ஏதும் வைத்திருந்தாரா?
அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சங்கிலியைத் தள்ளச் சொன்னால் மடிந்து விழும்.
மேல்வில்லில் போட்டிருந்தால்
அன்றே பாலம் தண்ணீரில்.
கீழே மட்டும், எந்த நேரமும், இழுவை மட்டும்.
இதைப் படிக்க நான் பேராதனையில்
நாலு வருடம் இருந்தேன்,
ஒரு பாடத்தை இரண்டு தரம் எழுதினேன்.

மேலே மூதூர் பஸ் போனது.
கண்ணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றின.
உப்புப் பொருக்கு படிவத்தில் உதிர்ந்தது.
ஊதிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.
பாலத்தை அகற்றலாமா என்ற கட்டத்தில் ஒரு கோடு.
வகை என்ற கட்டம் இன்னும் வெறுமை.

மாற்ற வேண்டிய பாகங்கள்:
கண்ணி, ஒன்று. இடமிருந்து ஒன்பதாவது.
இடுப்பு மெலிந்திருக்கிறது.
கிடைக்குமிடம்:
துறைமுகத்தில் விசாரிக்கவும்.