நாற்பத்தெட்டுப் புள்ளி

லூனன்பர்க் துறைமுகத்து வாரப் பத்திரிகையில்
செவ்வாய் இரவுகளில் பக்கம் கட்டுகிறவள் நான்.
எல்லா எழுத்துருக்களும் கைக்குப் பழக்கம்.
இந்தத் தடியனை மட்டும்
யோசித்துத்தான் கூப்பிடுவேன்.

தூண் மாதிரி நிற்பான். வளைவில் மெலிந்து,
இறங்கும்போது மறுபடி பருத்து,
அடியில் குதிகால் ஊன்றி.
செரிஃப் என்கிறார்கள். எனக்கு அது
ஈரத் தளத்தில் வழுக்காமலிருக்க
மீனவர்கள் போடும் பூட்ஸ்.
சின்ன அளவில் அடைத்தால் மூச்சு முட்டும்,
உள்வட்டங்கள் மை ஊறிக் கண்மூடிவிடும்.
மருந்துச் சீட்டுக்கு ஆகமாட்டான்,
மன்னிப்புக் கடிதத்துக்கு ஆகவே மாட்டான்.
சிங்கி இறால் விலை சரிந்ததா, பாலத்தை மூடினார்களா,
தீயணைப்புக் கூடத்தில் சனிக்கிழமை நடனமா,
எதிர்த் தெருவிலிருந்து
கண்ணாடி போடாமல் படிக்கலாம்.

ஒரு நவம்பரில் அவனை வைத்துத்தான்
ஆரின் வைனோவைக் கொன்றோம்.
படகு கவிழ்ந்தது நிஜம். ஆள் வேறு.
மூன்று பத்தி அகலம், நாற்பத்தெட்டுப் புள்ளி;
தலைப்பெழுத்தே தலையெழுத்தாகிவிட்டது.

மறுநாள் காலை
நூறு ஆயுசோடு கதவைத் திறந்து வந்தார்,
ஒரு கையில் பத்திரிகை, மறு கையில் தச்சர் அளவுகோல்.

ஆசிரியர் ஹிம்மெல்மன் நாற்காலி தந்தார், காபி தந்தார்.
திருத்தம் வரும் என்றார், இரண்டாம் பக்கம்,
கீழ் மூலை, வழக்கமான அளவு.
வழக்கம் என்றால்?
ஏழு புள்ளி. மெல்லிய எழுத்து.

ஆரின் உட்காரவில்லை.
அளவுகோலைத் தலைப்பின்மேல் வைத்தார்.
"என்னைச் சாகடித்தது இவ்வளவு உயரம்.
ஹாலிஃபாக்ஸில் மச்சினி அழுது முடித்துவிட்டாள்.
எனக்குக் கடன்பட்டவன் ஒருவன்
நேற்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.
ஏழு புள்ளியில் நான் உயிரோடிருந்தால்
யார் நம்புவார்கள்?"

அடுத்த செவ்வாய் நானே அடுக்கினேன்:
ஆரின் வைனோ சாகவில்லை.
அதே உருவம், அதே அகலம்.
ஒரு சொல் கூடிப்போனதால்
எழுத்துகளை மயிரிழை நெருக்கினேன்.
தடியனுக்கு இரண்டும் ஒன்றுதான்,
போன வாரம் ஊன்றியது போலவே
இந்த வாரமும் ஊன்றினான்.
கொஞ்சம் சிரித்த மாதிரி பட்டது.
மை அதிகமாக இருந்திருக்கலாம்.

அந்தப் பக்கத்தைப் படகறைக் கதவில்
ஆணியடித்து வைத்திருந்தார் ஆரின்.
பதினொரு வருடம். ஒரு மூலையை எலி தின்றது.

போன பிப்ரவரியில் உண்மையாகவே போனார், தூக்கத்தில்.
நாற்பத்தெட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தேன்.
மகள் லொரெட்டா வந்தாள், பனி உதறாமல் நின்றாள்.
"ஒன்பது புள்ளி போதும், சாய்ந்த எழுத்தில்.
இந்தத் தடவை கத்த வேண்டாம்,
எல்லாருக்கும் தெரியும்."

சொன்னபடியே கட்டினேன்.
பெயருக்கு மட்டும், அவளைக் கேட்காமல்,
தடியனைக் கூப்பிட்டேன், அதே ஒன்பதில்.

காலையில் முதல் பிரதியை விளக்கடியில் பார்த்தேன்.
பெயரிலிருந்த வட்டங்கள் எல்லாம்
மை ஊறி
கண் மூடியிருந்தன.