இரண்டு விலை

காசிலினா சாலையில், பதினேழாம் கிலோமீட்டர் கல்லுக்கு எதிரே
என் பங்க்.
என் பங்க் என்பது பேச்சுக்கு. கம்பெனியுடையது.
முப்பத்தோரு வருடமாகச் சட்டைப் பையின்மேல் தைத்திருக்கும்
எத்தோரே என்ற பெயர் மட்டும் என்னுடையது.

ஒரே தொட்டி, ஒரே பெட்ரோல்.
இடப்பக்கம், நீங்களே போட்டுக்கொண்டால் ஒரு விலை.
வலப்பக்கம், நான் போட்டால்
லிட்டருக்கு இருபத்திரண்டு சென்ட் கூடுதல்.
அந்த இருபத்திரண்டு சென்ட்தான் நான்.
விளக்குப் போட்டு, ஆளுயர எண்ணில்,
சாலைக்கே தெரியும்படி எழுதி வைத்திருக்கிறார்கள்
நான் எவ்வளவு என்று.

வலப்பக்கம் வருகிறவர்கள் கொஞ்சம்:
இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு வக்கீல்,
கையில் வாடை ஒட்டக் கூடாதென்று கல்யாணத்துக்குப் போகிறவர்கள்,
சிவப்புப் பாண்டாவில் சிஞோரா இல்வானா.
இருபது யூரோவுக்கு மேல் ஒருநாளும் போட்டதில்லை.
டயரில் காற்று, எஞ்சினில் எண்ணெய்,
தங்கையோடு நடக்கும் வீட்டு வழக்கு,
மூன்றையும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சனி மதியம் ஷட்டரை இறக்கினால்
திங்கள் காலைவரை எந்திரம் மட்டும்.
நோட்டைத் தின்னும். பெட்ரோல் கக்கும்.
கசங்கிய நோட்டென்றால் துப்பிவிடும்.

அதன் பக்கத்தில் ஒருவன் நிற்கிறானாம்,
ஞாயிறு முழுக்க.
வங்காளதேசத்துக்காரன்.
நோட்டைத் தொடையில் வைத்து நீவிக் கொடுக்கிறான்,
எண்ணை அழுத்துகிறான், குழாயைப் பிடிக்கிறான்,
கண்ணாடி துடைக்கிறான்,
கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான்.
இடப்பக்க விலைக்கு வலப்பக்க வேலை.
எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

திங்கள் எட்டு மணிக்கு முன்னால் வந்து நிற்பான்.
மொஃபிசுல் என்று பெயர்.
கை நிறையச் சீட்டு,
தொட்டி நிரம்பி மிஞ்சிய பணத்துக்கு எந்திரம் அச்சடித்துத் தருமே, அது.
எண்பது சென்ட். ஒன்று நாற்பது. பதினொரு சென்ட்.
அவசரக்காரர்கள் எறிந்துவிட்டுப் போனவை,
நனைந்து, காய்ந்து, சிலதில் டயர்த் தடம்.
கொண்டுவருபவனுக்குக் கொடு என்பது விதி.
கொடுத்தேன்.
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
வேண்டுமென்றே மெதுவாக.

ஒரு திங்கள், ஐந்து யூரோ சீட்டு ஒன்றைத் தனியே நீட்டினான்:
"இது எனக்கில்லை. சிவப்புப் பாண்டா அம்மா மறந்துவிட்டுப் போனது.
உன்னிடம் வந்தால் கொடுத்துவிடு."

இல்வானா.
ஞாயிற்றுக்கிழமைகளில்
அவளும்.

போன வாரம் நானே போனேன்.
மைத்துனனின் கார். தலையில் தொப்பி.
இடப்பக்கம் நிறுத்தினேன்.
பழக்கத்தில் கை கதவைத் திறக்கப் போயிற்று. இழுத்துக்கொண்டேன்.
இன்னொருவன் பெட்ரோல் போட
நான் உட்கார்ந்திருந்ததே இல்லை இதுவரை.

உள்ளிருந்து பார்த்தால்
பெட்ரோல் போடுகிறவனுக்குத் தலை கிடையாது.
ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு பெல்ட், ஒரு முழங்கை,
ஈரத் துணி தொங்கும் ஒரு பை.
இத்தனை வருடம்
இவ்வளவுதானா அவர்கள் பார்த்தது?

குழாயை உருவுமுன் ஒரு கணம் நிறுத்தினான்,
கடைசிச் சொட்டு உள்ளேயே விழட்டும் என்று.
அது யாரும் எனக்குச் சொல்லித் தராதது.
அவனுக்கும்தான்.
பிறகு கண்ணாடியை மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தான்,
வலது மூலையை விட்டுவிட்டான்.
மூலை, மூலை, என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஜன்னலை இறக்கினேன்.
குனிந்து பார்த்தவன்
"அட, திங்கட்கிழமை!" என்று சிரித்தான்.
அவனுக்கு என் பெயர் அதுதான் போலிருக்கிறது.

இருபது லிட்டர்.
மனம் தானாகப் பெருக்கியது:
இருபத்திரண்டால், நான்கு நாற்பது.
கம்பெனிக் கணக்கில் இதற்கு நான் அவ்வளவு.
பையில் ஒரு ஐந்து யூரோ நோட்டும்
ஒரு இரண்டு யூரோ நாணயமும் இருந்தன.
நோட்டைத்தான் எடுத்தேன்.
நாணயத்தைக் கொடுத்தேன்.

கிராத்சியே என்று கூரையை இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினான்,
நான் தட்டுவேனே, அப்படி.
வீடுவரை எதிர்வெயில்.
துடைக்காத அந்த மூலையில் மட்டும்
சாலை தெரியவேயில்லை.