மஞ்சள் வரவில்லை

ஒன்றரை ஃபாரம், இருபத்துநான்கு பக்கம்,
முந்நூறு பிரதி, முதுகில் இரண்டு பின்.
போன செவ்வாய் வரை முடிவாகியிருந்தது இவ்வளவுதான்.

கரண்ட் காலை ஐந்துக்கு வந்து ஒன்பதுக்குப் போகும்.
ஐந்துக்குள் பிளேட் ஏறியிருக்க வேண்டும்,
நாலரைக்கு ஆள் வர வேண்டும்,
நாலரைக்கு வரும் ஆளின் டீ என் செலவு.
அதையும் நோட்டில் எழுதினேன்,
காகிதத்துக்குக் கீழே, மைக்கு மேலே.
காகிதத்துக்கு எதிரே பென்சிலில் மட்டும் எழுதுகிறேன்.
ரங்கூனில் அது காலையில் ஒரு விலை,
சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இன்னொன்று.

முப்பத்தேழாம் தெருவில் மொகைதீன் பாய்
ஷட்டரைப் பாதி தூக்கியபடி சொன்னார்:
கறுப்பு இருக்கு, நீலம் இருக்கு,
சிவப்பு அரை டப்பா.
மஞ்சள் இல்லை. எல்லையிலே லாரி நிக்குது.
எப்போ வரும், பாய்?
லாரி நகர்ந்தா.

கதையோ,
டலா போகும் படகில் கூடையை விட்டுக் குதித்த
வாத்துக்குஞ்சின் கதை.
பதினெட்டுப் பக்கத்தில் அது வருகிறது.
மஞ்சள் இல்லாமல் அடித்தால்
நனைந்த எலி.

மா சூ மோனுக்குத் தமிழ் தெரியாது.
கதையைப் பர்மியத்தில் கேட்டுக்கொண்டு
நான் சொல்லாததையெல்லாம் வரைந்தாள்:
கீழ்த்தட்டில் சுருட்டு பிடிக்கும் பெண்,
அவித்த சோளம்,
பிளாஸ்டிக் நாற்காலியை வாடகைக்கு விடும் பையன்.
பார்த்த பிறகு என் வரிகளில் ஏழை அடித்தேன்.
ஆறு மிக அகலமாக இருந்தது என்று எழுதியிருந்தேன்.
அவள் இரண்டு பக்கத்துக்கும் ஆற்றை விரித்து
குஞ்சை ஒரு மூலையில் விட்டிருக்கிறாள்.
அதற்கு மேல் அகலத்தைப் பற்றி நான் பேசுவதா?

சண்டை ஒன்றுதான்: நடுமடிப்பு.
குஞ்சு அதில் விழுந்தால் அலகு போய்விடும் என்கிறேன்.
பத்தொன்பதாம் பக்கத்தில் இன்னும் விழுந்தே கிடக்கிறது.

அவள் மொழியில் இந்த நிறத்துக்கு அவா என்று பேர்.
அவா இல்லையாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு
பஸ்ஸில் வரும்போதுதான்
அது என் காதில் தமிழாக விழுந்தது.
இருக்கிறதே,
மை மட்டும்தானே இல்லை.

ஞாயிறு. தன்லின் கோயிலின் பின்கட்டு வகுப்பு.
பதினொரு பிள்ளைகள், எழுத்தில் ற வரை வந்தவர்கள்.
கறுப்புக் கோடும் நீல ஆறுமாக
மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்.
குஞ்சு என்ன நிறம்?
மஞ்சள் என்றார்கள் பத்துப் பேர்.
துர்க்கேஸ்வரி பதில் சொல்லவில்லை.
எழுந்து போய் அர்ச்சனைத் தட்டில் விரலைத் தொட்டு
நாக்கில் ஈரம் பண்ணி
குஞ்சின் மேல் தேய்த்துவிட்டு
பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

நிறத்துக்கும் கிழங்குக்கும் ஒரே சொல் போதும் என்றவர்கள்
அச்சகம் வைத்திருந்தவர்கள் இல்லை.

ஆகவே, திருத்திய திட்டம்:
இரண்டே நிறம்.
பிரதிக்கு ஒரு பொட்டலம், கால் தேக்கரண்டி.
மூன்றாம் பக்கத்தில் குறிப்பு, இரு மொழியிலும்:
ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு விரல்.
துணியில் துடைக்காதே.
மிச்சமாகும் மைக்காசு பொட்டலம் மடிக்கும் கூலிக்கு.
அப்படியும் பதினாறாயிரம் க்யாட் இடிக்கிறது.

வெயில் பட்டால் வெளிறிவிடுமே என்கிறாள் மா சூ மோன்.
வெளிறும். ஜன்னலோரம் வைத்தால் பத்தே நாள்.
மறுபடி பூசட்டும், சமையலறை எங்கே போகிறது?
பொட்டலத்தில் எறும்பு வராதா என்கிறார் பாய்.
மஞ்சளுக்கு எறும்பு வராது, பாய்.
அப்போ சரி என்று ஷட்டரை முழுசாகத் தூக்கினார்.

எனக்கு அட்டைதான் கவலை.
அடையாளச் சீட்டில் நான் கின் லே நுவே,
வீட்டில் அங்கயற்கண்ணி.
இரண்டையும் போட்டால்
வாத்தின் வாலில் இடிக்கிறது.
வாலைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று
ராத்திரி அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.
பதில் இல்லை.
நாலரைக்கு டீ சொல்லியாகிவிட்டது.