நெய்யாத நெய்தல்

பொம்மனஹள்ளியில் மணிக்கு
எண்பது காலர் தைக்கிற கை இது.
ஞாயிற்றுக்கிழமை, ஈஜிபுரா ரேஷன் கடை மாடியில்
ஊசி இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

சள்ளகெரேயிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்ததும்
ஆட்டின் வாசம் ஃபேன் வரைக்கும் ஏறியது.
கறுப்பு, பழுப்பு, கொஞ்சம் அழுக்கு வெள்ளை.
இதில் பாவு எது, ஊடு எது என்றேன்.
ரெண்டும் இல்லை என்றாள் தாஜுன்னிசா.
பரப்பு, தெளி, சோப்புப் போடு, சுருட்டி உருட்டு,
அவ்வளவுதான் ஃபெல்ட்.
அவளே அதை வீடியோவில் பார்த்து
மூன்று முறை கெடுத்திருந்தாள்.
நாலாவதைக் கெடுக்க எங்களைக் கூப்பிட்டாள்.

செய்யப்போவது ஏரி.
இப்போது நாலு அபார்ட்மென்ட்டுக்கும்
ஒரு பெட்ரோல் பங்க்குக்கும் அடியில் இருப்பது.
சங்கத்துச் சுவரில் ஈரம் கசிகிற இடத்தை
மறைக்க ஏதாவது மாட்ட வேண்டும்;
அதனால் ஏரி.

கரை எங்கே என்பதில் சண்டை.
உன் கக்கூஸ் வரைக்கும் தண்ணீர் நின்றது என்று
ஹொன்னம்மா கன்னடத்தில் சொல்ல
பிளான்டினா தமிழில் கோபித்துக்கொண்டாள்.
வாடகை வீடு. ஆனாலும் கோபம்.
கடைசியில் கறுப்புக் கம்பளியை
ஒரு விரற்கடை உள்ளே தள்ளினோம்.
கக்கூஸ் பிழைத்தது.

நடுகல் வேண்டும் என்றேன் நான்.
பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறானே,
கையில் வாளும், நெஞ்சில்
‘பெண்களுக்கு பி.ஜி., மூன்று வேளைச் சாப்பாடு’ம்
ஒட்டிக்கொண்டு, அந்த ஆள்.
எதற்காகச் செத்தான்,
மாட்டுக்கா, ஊருக்கா, ஏரிக்கா,
எங்களில் யாருக்கும் தெரியாது.
சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் அளவு வைத்தேன்.
நோட்டீஸை வைக்கவில்லை.

ஊதா கொஞ்சம் மிச்சம் இருந்தது.
நெய்தல் பூ வைக்கலாம் என்றேன்.
நெய்தல் என்றால் பூ, நெய்தல் என்றால் நெசவு,
இது நெய்யாத நெய்தல்.
நானே சொல்லி நானே சிரித்தேன்.
விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

சுடுதண்ணீர். பார் சோப்பு. நுரை.
நுரை பொங்கியதும் ஒரு கணம் எல்லாக் கைகளும் நின்றன.
வர்த்தூர்ப் பக்கம் ஏரி நுரைத்து
ரோட்டில் பறந்து
ஸ்கூட்டர்காரர் முகத்தில் அப்பியதைப்
பார்த்தவர்கள்தானே நாங்கள்.
“அச்சு அசலா ஏரிதான்” என்றாள் பிளான்டினா.

பாயோடு சுருட்டி உருட்டினோம்.
கை ஓய்ந்ததும் காலால்.
மாடி அதிர்வதைக் கேட்டு
பக்கத்து ஏடிஎம் காவலுக்கிருந்த ஹிதேஷ்வர்
விசாரிக்க ஏறிவந்தான்.
அசாம்காரப் பையன். பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு
ஒரு முனையில் நின்று அவனும் மிதித்தான்.
நானூறு தடவை என்று கணக்கு.
எண்ணியது நான். டார்கெட் எண்ணிப் பழகிய வாய்.

விரித்தோம்.
ஆறடி ஏரி நாலடியாகக் கிடந்தது.
டேப் வைத்து மறுபடி அளந்தேன்: நாலேகால்.
ஹொன்னம்மா ஒன்றும் பேசவில்லை.
ஏரி சுருங்கும் என்பதை இந்த ஊரில்
யாரும் எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ரெண்டு நாள் காய்ந்தபின்
கீழே ரேஷன் தராசில் வைத்தோம்
(கடைக்காரர் கட்டைவிரலை எடுத்த பிறகு).
அழுக்குப் போன எடை போக
போட்ட கம்பளி அத்தனையும் இருந்தது.
எதுவும் எங்கும் போகவில்லை,
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கிட்டே வந்திருந்தது.
பத்துக்குப் பத்து அறையில்
ஆறு பேர் படுக்கிற வீட்டுக்காரி நான்.
எனக்குப் புரிந்தது.
நிஜ ஏரி இப்படிச் சுருங்கவில்லை என்பதும்தான்.

நடுகல்காரன் கரையிலிருந்து நகர்ந்து
முழங்கால்வரை தண்ணீரில் நிற்கிறான்.
பூ எங்கே என்று தேடினால்
பிளான்டினாவின் கக்கூஸில்.

திங்கட்கிழமை மறுபடி காலர்.
மூன்றாவது மணியில்
விரல் தையலின் மேல் நின்றுவிட்டது:
இரண்டு துணியைச் சேர்த்துவைக்க
இவ்வளவு நூலா?
சூப்பர்வைசர் பார்த்தார்.
தைத்தேன்.