நெற்றியில் வைத்த கை

படகுக் கூலி, காற்று உருளை, ரப்பர் உடை
எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.
அந்தக் காசுக்குக் கடலூர் துறைமுகத்தில்
கூடையோடு சுறா வாங்கலாம் என்றார் தணிகாசலம்.
சொன்ன கையோடு விளிம்பில் தலையைச் சாய்த்து
காலையில் தின்ற பொங்கலைக்
கடலுக்கே கொடுத்தார்.

நான் குதித்தேன்.
குதித்தேன் என்பது பொய்.
முதுகுப்புறமாகச் சாய்த்துவிட்டார்கள்.

புதுச்சேரிக் கடலுக்கு அடியில்
விளம்பரத்தில் பார்த்த நீலம் இல்லை.
பாசிப்பருப்பு ஊறிய தண்ணீரின் நிறம்.
கையை நீட்டினால் விரல் தெரியும்,
அதற்கப்பால் பூமிநாதனின் மஞ்சள் துடுப்பு.
என் மூச்சே காதுக்குள் குக்கர் மாதிரி இரைந்தது.
மூழ்கடித்து வைத்த சிமெண்ட் வளையங்கள்,
ஒரு லாரி டயர்,
டயருக்குள் குடித்தனம் நடத்தும் சிங்கி இறால்.
இதற்கா ஆறாயிரத்து ஐந்நூறு என்று
கூட்டுறவு வங்கியில் பதினாறு வருஷம் கணக்குப் பார்த்த மூளை
பதினோரு மீட்டர் ஆழத்திலும் கேட்டது.

அப்போது பூமிநாதன் திரும்பி
நெற்றி நடுவில் உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தினான்.
பாதிக் கும்பிடு போலிருக்கிறது என்று
மீதியையும் சேர்த்து நான் கும்பிட்டேன்.
கரையில் சொல்லிக்கொடுத்த சைகையெல்லாம்
கரையிலேயே தங்கிவிட்டது.

கூப்பிய கைக்கு எதிரே
தண்ணீர் கொஞ்சம் கெட்டியானது.
சாம்பல் நிறம். ஒரு கை நீளம்.
வால் அசைந்த மாதிரியே இல்லை,
ஆனால் இங்கே இருந்தது அங்கே இருந்தது.
பால்சுறா.
எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தன்ஷிகா பிறந்து மூன்றாம் நாளும் பால் இறங்கவில்லை.
பதினோரு நாள் இதைத்தான் அவித்தார்கள் எனக்கு.
மஞ்சள் போட்டுத் தோலுரித்து முள் நீக்கி
பூண்டும் மிளகும் மணக்க உதிர்த்த புட்டு.
பன்னிரண்டாம் நாள் மருந்துக் கடையிலிருந்து
பவுடர் டின் வந்தது.
என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சுறாவைத்தான் சொன்னார்கள்,
நாள்பட்ட மீனாயிருக்கும் என்று.

பிறகொரு நாள் அங்காடியில்
அஞ்சலாட்சி ஒன்றின் வயிற்றைக் கீறினாள்.
ஐந்து குட்டிகள் பலகையில் சரிந்தன.
ஒவ்வொன்றின் தொண்டைக்குக் கீழும் ஒரு கொடி.
மீனுக்கு ஏது தொப்புள் என்று
பையை மறந்து நின்றேன்.
"இதுங்க குட்டி போடுற சாதிம்மா" என்றாள்,
கொடியோடு சேர்த்து வெளியே தள்ளியபடி.
இரண்டு பூனைகள் காத்திருந்தன.

இப்போது அது திரும்பியது.
பல் தெரியவில்லை, வாய் அடியில் எங்கோ.
வட்டக் கண் ஒன்று என்னைக் கடந்தது,
ஜன்னலோரப் பயணி
மைல்கல்லைக் கடப்பதுபோல.
வயிறு கனத்திருந்ததா?
இருந்தது என்று சொல்லத்தான் ஆசை.
அந்தக் கலங்கலில் எதைக் கண்டேன்.
ஏழு நொடி.
எட்டு என்று எழுதினால் தணிக்கையில் நிற்காது.

கடைசிவரை கும்பிட்டுக்கொண்டே இருந்தேனாம்,
மேலே வந்ததும் பூமிநாதன் சிரித்தான்.
வீராம்பட்டினத்துப் பையன்.
அவன் அப்பா வலைபோட்டுப் பிடித்ததை
இவன் விரலால் காட்டிச் சம்பாதிக்கிறான்.
"பாத்தியா?" என்றார் தணிகாசலம்,
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி.
பார்த்தேன் என்றேன்.
"எவ்வளவு பெருசு?"
கைகளை விரித்துக் காட்டப் போனேன்.
எடை போடுகிற மாதிரி இருந்தது.
மடியில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதுநகர் அங்காடி.
"பால்சுறா வந்திருக்கு, பாருங்க"
அஞ்சலாட்சி வாலைப் பிடித்துத் தூக்கினாள்.
கீழிமை மேலேறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது.
வேண்டாம் என்று வாய் வரவில்லை.
விலை கேட்டேன்.
சொன்னாள்.
கை தன்பாட்டுக்கு நெற்றிக்குப் போயிற்று.
"தலைவலியாம்மா?"
இல்லை, வெயில் என்றேன்.
கால் கிலோ நெத்திலி போடச் சொன்னேன்.